போன் எடுத்தவன்

ஜெர்மனி,
27 ஆகஸ்டு 2006

அன்புள்ள அக்கா,

நானும் கோபாலனும் இங்கே சுகம். அங்கே நீயும் அத்தானும் ஹரிப்ரியாவும் சுகமா என்று கேட்டால், விசாரிக்க இதுதான் நேரமா என்று எரிந்து விழுவாய். விழு, வாங்கிக்கொள்கிறேன். நேற்று போனில் நான் பாதி சொல்வதற்குள் வைத்துவிட்டாய். அப்புறம் எத்தனை தடவை போட்டுப் பார்த்தேன் தெரியுமா? மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அதனால்தான் கடிதம். இதை நடுவில் கீழே வைத்துவிட்டுப் போனாலும் திரும்பி வந்து மிச்சத்தைப் படிப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா?

ஹரிப்ரியா கல்யாணத்துக்கு நான் வர முடியாது. கோபாலன் மட்டும் வருகிறார். காரணம் கோர்ட் என்று நேற்று நான் சொன்னதும், என்ன திருட்டு வழக்கில் மாட்டினாய் என்று கேட்டாய். என் மேல் வழக்கு ஒன்றும் இல்லை. நான் உட்கார்ந்திருப்பது நீதிபதிக்குப் பக்கத்தில். இந்த நாட்டில் சில குற்ற வழக்குகளில் நீதிபதியோடு ஊர் ஜனங்களில் இரண்டு பேர் மேடையில் சரிசமமாக உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல வேண்டும். சட்டம் படித்திருக்கத் தேவையில்லை. குடியுரிமை இருந்தால் போதும், நகராட்சி பெயரைக் கொடுத்துவிடும். நாலு வருஷத்துக்கு அப்படி என்னைப் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். ஷெஃபே என்று இதற்குப் பெயர். போன வருஷம் நான் சொன்னபோது அத்தான், கோர்ட் கேன்டீனில் சமையலா என்று கேட்டு ஒரு வாரம் சிரித்தாரே, அதே வேலைதான்.

வேண்டாம் என்று சொல்லிப் பார்க்காமல் இல்லை. ஆபீஸில் தலைக்கு மேல் வேலை என்று எழுதினேன். என் ஜெர்மன் போதாது என்றுகூடக் கூசாமல் எழுதினேன். எல்லாவற்றுக்கும் ரொம்ப மரியாதையாக, முடியாது என்று பதில் வந்தது. வராவிட்டால் அபராதம். சில நாள் ஆபீஸில் மல்லுக்கட்டி லீவு வாங்கி, ரயில் பிடித்துப் போய் நின்றால், இன்றைக்கு வழக்கு ரத்து, வீட்டுக்குப் போகலாம் என்பார்கள். இன்னொரு நாள் பிராந்தி பாட்டில் திருடினவனுக்காக ஒரு பகல் முழுக்க மர நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பு ஒடிந்தது. என் மேலதிகாரி ஒவ்வொரு தடவையும், மாண்புமிகு நீதிபதி எப்போது வேலைக்கு வருவதாக உத்தேசம் என்று கேட்கிறார். எல்லார் முன்னாலும்தான் கேட்கிறார்.

இந்த வழக்கு போன வியாழக்கிழமை ஒரே நாளில் முடிந்திருக்க வேண்டியது. அடிபட்ட ஆளுக்கு ஆபரேஷன், வர முடியவில்லை. அடுத்த தேதி எது தெரியுமா? முகூர்த்தத்துக்கு முதல் நாள். எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. இடைவேளையில் நீதிபதி அம்மாளிடம் போய், பெற்ற பெண் மாதிரி ஒருத்திக்குக் கல்யாணம் என்று சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். கல்யாணம் நியாயமான காரணம்தான், போங்கள் என்றார். ஆனால் ஆரம்பித்த வழக்கில் நடுவில் ஆள் மாற்றக்கூடாதாம். நான் போனால் எல்லாம் முதலிலிருந்து நடக்க வேண்டும், புதுத் தேதி கிறிஸ்மஸ் தாண்டித்தான் கிடைக்கும், அதுவரை அந்தப் பையன் ஜெயிலில் காத்திருப்பான், நீங்களே முடிவு செய்து சொல்லுங்கள் என்று என் தலையில் வைத்துவிட்டார்.

அவன் தமிழ்ப் பையன், அக்கா. சிலோன்காரன், புவனேந்திரன் என்று பெயர். ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவன். சமையல்காரனோடு சண்டை வந்து பிடித்துத் தள்ளியிருக்கிறான், அந்த ஆளுக்குக் கை உடைந்துவிட்டது. தள்ளினதை ஒப்புக்கொள்கிறான். ஆனால் அந்தச் சண்டையில் சமையல்காரனுடைய செல்போன் காணாமல் போயிருக்கிறது. அதையும் இவன்தான் எடுத்தான் என்றால் வழக்கு வழிப்பறியாகிவிடும், தண்டனை வருஷக்கணக்கில் போகும். அப்புறம் நாட்டை விட்டே அனுப்பினாலும் அனுப்புவார்கள். அவன் ஊரில் இந்த மாசம் மறுபடி சண்டை ஆரம்பித்திருப்பதை நீயும் பேப்பரில் பார்த்திருப்பாய். அவனை இன்னும் நாலு மாசம் உள்ளே வைத்துவிட்டு, நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பந்தியில் உட்கார முடியுமா? நீயே சொல்.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். அம்மா கிடந்தபோதும் நீ வரவில்லை, டிக்கெட் கிடைக்கவில்லை என்றாய் என்பாய். அது உண்மை. எடுத்துப் போட்டதெல்லாம் நீ, நான் வந்து சேர்ந்தது பத்தாம் நாள். இப்போது இதுவும். என் வீட்டில் பிள்ளை இல்லை என்கிற குறை தெரியாமல் ஒவ்வொரு லீவுக்கும் ஹரிப்ரியாவை எனக்குக் கொடுத்தாய். கல்யாணத்தன்று என் கையால்தான் அவளுக்குப் பூ ஜடை தைப்பேன் என்று அவள் ஏழாவது படிக்கும்போதே சத்தியம் செய்திருக்கிறேன். யாராவது தைத்துவிடுவார்கள். ஆனால் அவளுக்கு வலது பக்கம் முடி குட்டை, அங்கே ஊசியை ஆழமாகக் குத்த வேண்டும் என்று மறக்காமல் சொல்லு.

முகூர்த்தப் புடவை எங்கே எடுத்தீர்கள்? மாம்பழ மஞ்சளில் எடுக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாளே, எடுத்தாயா, இல்லை வழக்கம்போல உன் இஷ்டத்துக்கு அரக்கு எடுத்துவிட்டாயா? இதற்காவது பதில் எழுது.

கல்யாணம் ஒரு குறையும் இல்லாமல் நடக்கட்டும். என் மேலுள்ள கோபத்தைச் சம்பந்தி வீட்டார் முன்னால் காட்டாமல் மட்டும் பார்த்துக்கொள்.

வர முடியாத தங்கை,
நிருபமா


10 செப்டம்பர் 2006

அன்புள்ள அக்கா,

பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்டு ஓய்ந்து உட்கார்ந்திருப்பாய். முதலில் ஒரு வாய் காபி குடி, பிறகு படி.

கல்யாணம் ஜம்மென்று நடந்ததாகக் கோபாலன் சொன்னார். கெட்டிமேளம் எனக்கும் கேட்டது. தாலி கட்டும் நேரத்துக்குப் போட்டு, போனை நாயனக்காரர் பக்கம் பிடித்தார். இங்கே இன்னும் விடியவில்லை. நான் சமையலறையில் நின்றுகொண்டு கையிலிருந்த அட்சதையை யார் மேல் போடுவது என்று தெரியாமல் அடுப்பு மேடையிலேயே போட்டேன். அப்புறம் கோபாலன் உன்னிடம் போனை நீட்டியிருக்கிறார். கை வேலையாக இருக்கிறேன் என்று சொல்லுங்கள் என்றாய். அதுவும் எனக்குத் தெளிவாகவே கேட்டது.

சரி, விடு. எதற்காக வரவில்லையோ அது முடிந்துவிட்டது, அதைச் சொல்கிறேன். கோர்ட்டில் எல்லார் முன்னாலும் நடந்ததை யாரிடமும் சொல்லலாம். உள்ளறையில் நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்து பேசியதை மட்டும் சாகும்வரை சொல்லக்கூடாது. உன்னிடம்கூட.

வியாழக்கிழமை எங்கள் இடத்தில் போய் உட்கார்ந்தோம். மறுநாள் முகூர்த்தமாயிற்றே என்று நான் கொஞ்சம் பெரிய பொட்டாக வைத்துக்கொண்டு போயிருந்தேன். போலீஸ்காரர்கள் புவனேந்திரனைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஒல்லியான பையன், யாரோ கொடுத்த சட்டை, தோளில் நிற்கவில்லை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. ‘வணக்கம் அக்கா’ என்றான். நீதிபதி அம்மாள் என்ன சொல்கிறான் என்று கேட்க, மொழிபெயர்ப்பாளர் மூத்த சகோதரி என்று சொன்னார். கறுப்பு அங்கிகளுக்கு நடுவில் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உறவு கொண்டாடக் கிளம்பிவிட்டானே என்று முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டேன்.

மொழிபெயர்ப்பாளர் கிருஷ்ணமூர்த்தி நம் பக்கத்துக்காரர், மயிலாடுதுறை. கோர்ட்டில் பிரமாணம் எடுத்துக்கொண்டு பல வருஷமாக இந்த வேலை பார்க்கிறவர், மரியாதைப்பட்ட மனிதர். போலீஸ் ஸ்டேஷனில் முதல் நாள் இவனிடம் வாக்குமூலம் வாங்கியபோதும் அவர்தான் இருந்திருக்கிறார். அந்த வாக்குமூலத்தில், சண்டை முடிந்ததும் அண்ணனுக்காக அந்தப் போனை எடுத்தேன் என்று தெளிவாக இருக்கிறது. ஆனால் இப்போது வக்கீல் வந்த பிறகு, சமையல்காரனின் போனைத் தொடவே இல்லை என்கிறான். எதை நம்புவது? வக்கீல் எழுந்து, அந்த வாக்குமூலமே தப்பாக மொழிபெயர்த்ததாக இருக்கலாம், மறுபடி கேளுங்கள் என்றார்.

கேட்டார்கள். அவன் எழுந்து நின்று, என்னைப் பார்த்துத்தான் சொன்னான். ‘சண்டை முடிஞ்சாப் பிறகு நான் அண்ணைக்குப் போன் எடுத்தனான். அண்டைக்கும் அதைத்தான் சொன்னனான்.’ வார்த்தை மாறாமல் அதேதான். கிருஷ்ணமூர்த்தி முன்பு சொன்ன மாதிரியே மொழிபெயர்த்தார். யார் அந்த அண்ணன் என்று கேட்டால் வாயைத் திறக்கவில்லை. போன் எங்கே என்று கேட்டதற்கு, அது போலீஸ்காரரிடம்தான் இருக்கிறது என்றானே பார்க்கலாம். போலீஸிடம் இருப்பது அவனுடைய சொந்தப் போன்தான். அரசு வக்கீல் சிரித்துவிட்டார். எனக்குக்கூட இதென்ன திமிர் என்று பட்டது.

அப்போது நீதிபதி அம்மாள் என் பக்கம் திரும்பி, உங்களுக்குத் தமிழ் தெரியுமே, மொழிபெயர்ப்பு சரிதானா என்று கேட்டார். கூடத்தில் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் சரி என்று தலையாட்டினேன். இத்தனை மாசமாக எதற்கு வந்து உட்கார்கிறோம் என்று நொந்துகொண்டிருந்தேன் இல்லையா, அன்றைக்குத்தான் என்னாலும் ஒரு உபயோகம் என்று தோன்றியது. இரண்டு பக்கமும் பேசுவது நேராகப் புரிந்தவள் அந்த மேடையில் நான் ஒருத்திதான். அவர்கள் தமிழ் இழுத்து இழுத்து ஒரு மாதிரி இருக்கும், உனக்குத் தெரியுமே. ஆனாலும் ஒரு வார்த்தை விடாமல் பிடித்துவிட்டேன் என்று பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு உள்ளறை. பிறகு தீர்ப்பு. இரண்டரை வருஷம்.

கிருஷ்ணமூர்த்தி அவன் காதருகே குனிந்து தமிழில் சொன்னார். போலீஸ்காரர்கள் அவனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. ஏதோ நான் சொல்வதற்கு இன்னும் பாக்கி இருப்பது மாதிரி பார்த்தான். ரயிலில் வரும்போதெல்லாம் அவனே ஒப்புக்கொண்டதுதானே என்று எனக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். தப்புச் செய்தால் தண்டனை உண்டு. சரிதானே அக்கா?

குழந்தைகள் இரண்டு பேரும் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும். ஹரிப்ரியாவிடம், சித்தி ஒரு கடமைக்காகத்தான் வரவில்லை என்று சொல்லு. அந்தக் கடமையையாவது ஒழுங்காகச் செய்தேன் என்றும் சொல்லு.

அன்புடன்,
நிருபமா


16 செப்டம்பர் 2006

அன்புள்ள அக்கா,

போன கடிதம் இன்னும் உன் கைக்கு வந்திருக்காது. வந்தால் கடைசி வரியை ஹரிப்ரியாவிடம் சொல்லாதே. அந்தக் காகிதத்தையே கிழித்துப் போடு.

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

எங்கள் கீழ் வீட்டுக்கு இந்த வசந்தத்தில் ஒரு குடும்பம் வந்தது. ஸ்ரீஸ்கந்தராஜா என்று பெயர், யாழ்ப்பாணத்துக்காரர்கள். அவர் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார், சம்சாரம் சந்திரா. கீழே பார்த்தால் சிரிப்பேன், அவ்வளவுதான். இந்த ஊரில் பத்து வருஷமாக இருக்கிறோம், எங்கள் பழக்கமெல்லாம் நம் ஊர் சாஃப்ட்வேர் ஆட்களோடுதான். பக்கத்து நகரம் எசனில் அவர்கள் கடையில்தான் முருங்கைக்காயும் அரிசியும் வாங்குகிறேன், கல்லாவில் இருக்கும் பெண்ணோடு நான் பேசுவது இங்கிலீஷ். அவர்கள் தமிழ் எனக்குப் புரியாது என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். புரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

திங்கட்கிழமை ஆபீஸ் முடிந்து வருகிறேன், மாடிப்படியில் சந்திரா அக்கா. கையில் மூடி போட்ட பாத்திரம். உங்கள் அக்கா மகளுக்குக் கல்யாணம் என்று உங்கள் வீட்டுக்காரர் போகும்போது சொன்னார், நீங்கள் தனியாக இருப்பீர்களே என்று கொஞ்சம் பாயசம் வைத்தேன் என்றார். அப்புறம், ‘சனிக்கிழமை முழுக்க உங்களுக்குப் போன் எடுத்தனான், நீங்கள் தூக்கவே இல்லை’ என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் போனையா, எப்போது எடுத்தீர்கள் என்று மடத்தனமாகக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். ‘உங்கட போனை நான் ஏன் எடுக்கப் போறன்? உங்களுக்கு எடுத்தனான். கோல் எடுத்தனான்.’

அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன், அக்கா.

புரிகிறதா உனக்கு? நாம் போன் போடுகிறோம், அவர்கள் போன் எடுக்கிறார்கள். மணி அடித்தால் நாம் எடுக்கிறோம், அவர்கள் தூக்குகிறார்கள். அந்தப் பையன் அண்ணைக்குப் போன் எடுத்தான். அண்ணனுக்காக ஒருத்தன் போனைப் பிடுங்கவில்லை. சண்டையில் பயந்துபோய், தெரிந்த ஒரு பெரியவரைத் தன் போனிலிருந்து கூப்பிட்டிருக்கிறான். அந்தப் போன் போலீஸிடம்தானே இருக்கிறது? அதைத்தான் அவன் சொன்னான். கேட்ட கேள்விக்கெல்லாம் நிஜத்தைத் தவிர அவன் வேறு எதுவும் சொல்லவில்லை. அதை நாங்கள் திமிர் என்று நினைத்துச் சிரித்தோம். அந்தப் போனைத் திறந்து பார்த்திருந்தால் யாரை எத்தனை மணிக்குக் கூப்பிட்டான் என்று இருந்திருக்கும். ஒப்புக்கொண்டவனுக்குச் சாட்சி எதற்கு என்று யாரும் திறக்கவில்லை.

சந்திரா அக்கா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கோர்ட்டில் நடந்ததைச் சொன்னேன். அந்த அண்ணை யார் என்று அவன் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். விசா இல்லாத ஆளாக இருக்கும், காட்டிக் குடுக்க ஏலாதுதானே என்றார். அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. பாயசத்தைச் சூடு பண்ணிக் குடியுங்கோ என்று சொல்லிவிட்டுக் கீழே போய்விட்டார். பாயசத்தை அடுப்பு மேடையில் வைத்தேன். மறுநாள் கொட்ட வேண்டியதாகிவிட்டது.

உன்னிடம் நான் எழுதினேனே, முகூர்த்தப் புடவை எங்கே எடுத்தீர்கள் என்று? எந்தக் கடையில் திருடினாய் என்று நான் கேட்பதாக நீ நினைத்தாயா? நம் வாயில் எடுத்தல் என்றால் வாங்குவது, தூக்குவது, படம் எடுப்பது, வாந்தி எடுப்பது, ஆயிரம் இருக்கிறது. அந்த ஒரு பையன் வாயில் வந்தால் மட்டும் திருடினது. நான் ஏன் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கவில்லை? எடுத்தாய் என்றால் என்னப்பா என்று தமிழில் கேட்டிருந்தால் அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும். கேள்வி கேட்க எனக்கு அங்கே உரிமை இருந்தது. நான் பொட்டு வைத்துக்கொண்டு பெரிய மனுஷியாகத் தலையாட்டினேன். கிருஷ்ணமூர்த்தி சொன்னதோடு போயிருந்தால் அந்த வக்கீல் விட்டிருக்க மாட்டார். தமிழ் தெரிந்த நீதிபதியே தலையாட்டின பிறகு அவர் என்ன செய்வார், உட்கார்ந்துவிட்டார்.

இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் தூங்க விடவில்லை. நான் உன் பேச்சைக் கேட்டுக் கல்யாணத்துக்கு வந்திருந்தால் அந்த வழக்கு நின்றுபோயிருக்கும். கிறிஸ்மஸுக்கு அப்புறம் வேறு இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். தமிழே தெரியாத இரண்டு பேர். அவர்கள் தலையாட்டியிருக்க மாட்டார்கள். அவனுக்காக வராமல் இருந்தேன் என்று உனக்கு எழுதினேன், அவனைக் கெடுத்ததே நான் வராமல் இருந்ததுதான். ஒரே வியாழக்கிழமையில் இரண்டு பேருக்குத் துரோகம் செய்துவிட்டு, கடமை கடமை என்று உனக்குக் கடிதம் வேறு.

செவ்வாய்க்கிழமை கோபாலன் வந்தார். தாம்பூலப் பையையும் முறுக்கையும் மேஜையில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துப் பதறிவிட்டார். எல்லாம் சொன்னேன். முதலில், நீ போய்த் தலையிடாதே, உன் வேலை முடிந்தது என்றார். தமிழ் தெரியாத தமிழ் நீதிபதி என்று இங்கே தமிழ்ச் சங்கத்தில் சிரிப்பார்கள் என்றார். அப்புறம் முறுக்கை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, அப்பீலுக்குக் கெடு இருக்கிறதா என்று கேட்டார். தீர்ப்புச் சொன்ன நாளிலிருந்து ஒரே வாரம். வியாழனோடு முடிகிறது.

புதன்கிழமை காலையில் முதலில் நீதிபதி அம்மாளுக்குப் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். படித்த தீர்ப்பை இனி அவராலும் மாற்ற முடியாதாம். பிறகு நிதானமாகச் சொன்னார்: ‘உள்ளறையில் பேசியது ரகசியம். உங்கள் மொழியில் ஒரு சொல்லுக்கு என்ன அர்த்தம் என்பது ரகசியம் இல்லை.’ அதை வைத்துக்கொண்டுதான் வக்கீலிடம் போனேன். கோபாலன்தான் காரில் கூட்டிக்கொண்டு போனார்.

வக்கீல் அப்பீல் போடுவதாகவே இல்லை. அவனே ஒப்புக்கொண்டதை வைத்துக்கொண்டு மேலே போய் என்ன பயன் என்று அவனிடமும் சொல்லிவிட்டாராம். அவனும் சரி என்றுவிட்டானாம். நான் சொல்லச் சொல்ல அவர் பேனா ஓடிக்கொண்டே இருந்தது. நடுவில் நிறுத்தி, அப்படியானால் நீங்கள் அன்றைக்குத் தலையாட்டியது, என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. நான் தப்பாகத் தலையாட்டினேன் என்றேன். மேல் கோர்ட்டில் சாட்சியாக வந்து சொல்வீர்களா என்றார். சொல்வேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாளே அப்பீல் போட்டுவிட்டார். இனி என்னை அந்த மேடையில் வைத்திருப்பார்களோ, இறக்கிவிடுவார்களோ, தெரியாது. இறக்கினால் நல்லது. இரண்டு வருஷமாக எப்படிக் கழற்றிக்கொள்வது என்று வழி தேடினேன். இப்படி ஒரு வழியை நான் கேட்கவில்லை.

கிருஷ்ணமூர்த்திக்கும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் என்னோடு சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். அந்த வாக்கியத்தை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு, ‘இதுக்கு முன்னால என்கிட்ட எத்தனை பேரும்மா போன் எடுத்தாங்க?’ என்று கேட்டார்.

நான் உள்ளறையில் என்ன சொன்னேன், எந்தப் பக்கம் கை தூக்கினேன் என்று நீ கேட்கவே கேட்காதே. கேட்டால் உன்னிடம் சொல்லிவிடுவேன்.

அப்பீல் எப்போது வரும், என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை அவன் உள்ளேதான் இருக்க வேண்டும். நான் போய்ப் பார்க்கக்கூடாது, கடிதம் எழுதக்கூடாது. மன்னிப்புக் கேட்கவும் வழி இல்லை. அவன் என்னை அக்கா என்று கூப்பிட்டபோது முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டேன். இப்போது உனக்கு எழுதும்போது மேலே அன்புள்ள அக்கா என்று போட்டதும் அவன் குரல்தான் கேட்கிறது. அந்த மூன்று எழுத்தைச் சொல்லிவிட்டு ஒருத்தர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று இந்த மூன்று வாரத்தில் எனக்கும் நன்றாகத் தெரிந்துவிட்டது.

ஹரிப்ரியாவின் போட்டோக்களைக் கோபாலன் காட்டினார். மாம்பழ மஞ்சளே எடுத்திருக்கிறாய். ஜடை அழகாக இருக்கிறது. வலது பக்கம் ஒரு பூகூடச் சரியவில்லை. நீயேதான் தைத்தாயாம், கோபாலன் சொன்னார்.

அவளும் மாப்பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் வாழட்டும். அடுத்த தடவை கோயிலுக்குப் போனால் அவர்கள் பெயரைச் சொல்லும்போது புவனேந்திரன் என்று ஒரு பெயரையும் சேர்த்துச் சொல்லு. நட்சத்திரம் தெரியாது. கேட்டால் என் தம்பி என்று சொல்லு.

நான் போடுகிற போனை நீ எடுப்பதில்லை. சரி, நம் தமிழில் கேட்டுப் பார்த்தாகிவிட்டது. அவன் தமிழில் கேட்கிறேன். திட்டுவதற்காகவாவது எனக்கு ஒரு தடவை போன் எடு, அக்கா. முதல் மணியிலேயே தூக்குகிறேன்.

உன்,
நிருபமா